கடல் பக்கம், வட்டைப் பக்கம்

கல்முனையில் நான் வேலை செய்யும் தனியார் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில், மருந்துக் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறது. வெளியில் நிற்பவர்களுக்கு அது பூட்டிய கதவு மட்டும்தான். உள்ளே ஆள் உயரத்தில் இரண்டு இரும்பு றாக்கைகள். அவற்றில் தட்டுத் தட்டாகச் சேவர் பெட்டிகள். நோயாளியின் பெயர், இரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துத் துண்டு எல்லாம் அந்தப் பெட்டிகளுக்குள் போய்த்தான் கீழே இருக்கிற கம்பியூட்டர்களுக்கு வரும்.

அந்த அறையின் திறப்பு இரண்டு பேரிடம் இருக்கிறது. ஒன்று கம்பியூட்டர்களுக்குப் பொறுப்பான தம்பியிடம். மற்றது என்னிடம். நான் அங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தவள்.

சாதாரண தரப் பரீட்சைக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. மனேஜர் அக்கா முறை வைத்து "என்ன ராத்தா, சுகமா?" என்று கேட்டால்கூட "ஓம்" என்று சொல்வதற்குள் அவர் படி இறங்கிவிடுவார். ஆனால் கையெழுத்து மட்டும் எனக்கு அழகாக வரும். சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையில் யாருக்குக் கலியாணம் என்றாலும் அழைப்பிதழ் உறைகளைக் கட்டுக் கட்டாக என் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். நான் பெயர் எழுதிக் கொடுப்பேன். கலியாண வீட்டில் ஒரு மூலையில் இருந்து சாப்பிட்டுவிட்டு வருவேன்.

சேவர் அறைக்கும் எனக்குமான தொடர்பு ஒரு பிழையில்தான் தொடங்கியது. அந்தக் காலத்தில் றாக்கைகளுக்குப் பின்னால் வயர்கள் எல்லாம் இடியப்பம் பிழிந்து கொட்டியது போலக் கிடந்தன. தூசி தட்டப் போன என் தும்புத்தடி ஒரு வயரை இழுத்துவிட்டது. கீழே மருந்து கொடுக்கும் இடத்தில் கம்பியூட்டர் நின்றுபோனது. கம்பியூட்டர்த் தம்பி ஓடி வந்தார். அவர் மருதமுனைக்காரர், முப்பது வயது தாண்டியவர். எந்த வயர் கழன்றது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மணித்தியாலம் போனது.

"ராத்தா, இந்த றூமுக்க தும்புத்தடியோட வராதீங்க. எது எங்க போகுதெண்டு எனக்கே தெரியா" என்றார்.

அன்று பின்னேரம் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அவருடைய மேசையில் வைத்தேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "தம்பி, எல்லா வயருக்கும் பெயர் எழுதிப் போட்டால் தொடக்கூடாதது எது என்று எனக்கும் தெரியும்." அவர் அதைப் படித்துவிட்டு அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத நீங்களா எழுதின?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப பேரையும் நீங்களே எழுதுங்களன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மார்க்கர் பேனையும் ஒரு கொப்பியும் கொண்டுவந்து தந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் எங்கள் ஆஸ்பத்திரி அடங்கிவிடும். ஆண்கள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். வெளிநோயாளர் பகுதியில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். வயர்களைக் கழற்றி மாட்ட அதைவிட நல்ல நேரம் இல்லை. எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக்கூடாது என்று தம்பி கொப்பியில் குறித்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவார். நான் கதவைச் சாத்திக்கொண்டு, குளிருக்கு ஒரு சால்வையும் போர்த்திக்கொண்டு, தரையில் இருந்துவிடுவேன்.

முதலில் ஆஸ்பத்திரி பிளாஸ்டரைத்தான் வெட்டிச் சுற்றினேன். காயத்துக்கு ஒட்டுகிற அதே வெள்ளைப் பிளாஸ்டர். இரண்டு கிழமையில் குளிருக்கு ஓரம் கிளம்பிவிட்டது. பிறகு தம்பி கொழும்பிலிருந்து நல்ல நாடா எடுப்பித்தார். ஒரு வயருக்கு இரண்டு தலை. இரண்டு தலையிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். வயரைச் சுற்றி ஒட்டினால் பாதி எழுத்து மறைந்துவிடும், அதனால் நாடாவின் இரண்டு நுனியையும் ஒட்டிக் கொடி போல வெளியே விட வேண்டும். கரண்ட் வயர்களை ஒரு பக்கமாகவும் மற்ற வயர்களை மறுபக்கமாகவும் இறக்க வேண்டும். கட்டும்போது இறுக்கக் கூடாது. ஒரு விரல் உள்ளே போகவேண்டும், சின்னப் பிள்ளைக்குத் தொட்டில் கயிறு பார்க்கிற மாதிரி. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பழகினேன்.

பெயர் வைக்கிற விஷயத்தில்தான் என்னுடைய கெட்டித்தனம் இருந்தது. ஒவ்வொரு சேவருக்கும் இரண்டு கரண்ட் வயர். அவை இரண்டு யூபிஎஸ் பெட்டிகளுக்குப் போகின்றன. கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற பெட்டரிப் பெட்டிதான் யூபிஎஸ். ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். தம்பி தன் கொப்பியில் இடது, வலது என்று எழுதியிருந்தார். ஆனால் றாக்கையின் முன்னால் நிற்கும்போது வலதாக இருப்பது பின்னால் போனால் இடதாகிவிடும். அவரே இரண்டு தரம் மாறிப் பிடித்திருக்கிறார். நான் அதை விட்டுவிட்டு, ஒன்றுக்குக் கடல் என்றும் மற்றதற்கு வட்டை என்றும் எழுதினேன்.

எங்கள் கரையில் ஆட்கள் கிழக்கு, மேற்கு என்று கதைப்பது குறைவு. ஊர் முழுக்கக் கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் நடுவில் ஒரு நாடா போலக் கிடக்கிறது. வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். ஆட்டோக்காரரிடம் "கடல் பக்கம் திரும்புங்க" என்றால் திரும்புவார். சாப்பாட்டுக் கடையில் "வட்டைப் பக்கத்து மேசை துடைங்க" என்றால் துடைப்பார்கள். றாக்கைக்கு முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் கடல் கடல்தான்.

தம்பி அதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. "ராத்தா, இது சரியான ஐடியா" என்றார். கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர் ஒருவர் இரண்டு றாக்கைகளையும் போனில் படம் பிடித்துக்கொண்டு, "இது எந்தக் கம்பனி செய்த வேலை?" என்று கேட்டாராம். "எங்கட துப்புரவு ராத்தா" என்று சொன்னாராம் தம்பி. அதைக் கேட்ட நாள் நான் வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு தரம் தனியாகச் சிரித்தேன்.

அதன் பிறகுதான் சவளக்கடை என்ற ஊரில் ஆஸ்பத்திரியின் சின்னக் கிளை ஒன்று திறந்தார்கள். இரத்தம் எடுக்கிற ஒரு இடம், ஒரு டொக்டர் அறை, ஒரு மருந்துப் பகுதி. முன்பு நெல் மூட்டை அடுக்கிய கட்டடம் அது. அங்கேயும் ஒரு அறையில் ஒரு றாக்கையும் இரண்டு யூபிஎஸ்ஸும் வைத்தார்கள். "கல்முனையில செஞ்ச மாதிரியே அங்கயும் செஞ்சு தாங்க" என்று மனேஜர் என்னை ஆஸ்பத்திரி வானில் ஏற்றிவிட்டார். வேலைக்காக ஒருவர் என்னை வானில் ஏற்றியது அதுதான் முதல் தடவை.

தண்ணீரைக் குறுக்கறுத்துப் போகிற கிட்டங்கித் தாம்போதி தாண்டி, அங்கே திரும்பி இங்கே திரும்பி, கட்டடத்தின் பின்கதவில் வான் நின்றது. சாமான்களோடு நேரே அந்த அறைக்குள் போய்விட்டேன். ஒரு பக்கத்தில் சின்ன யன்னல். அதற்கு வெளியே பச்சைப் பசேலென்று வயல். யன்னல் பக்கத்து யூபிஎஸ்ஸுக்கும் அதன் வயர்களுக்கும் வட்டை என்று எழுதினேன். மறுபக்கத்துக்குக் கடல் என்று எழுதினேன். லுஹர் தொழுகைக்கு முதல் வேலை முடிந்து வானும் திரும்பிவிட்டது. என் கையெழுத்து அன்று நன்றாகவே விழுந்திருந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். சவளக்கடையில் பட்டப்பகலில் கரண்ட் போனது. இரண்டு யூபிஎஸ்ஸும் கத்தத் தொடங்கின. வட்டை என்று பெயர் போட்ட யூபிஎஸ்ஸின் பெட்டரி பலம் குறைந்துவிட்டது என்று தம்பிக்கு முதலே தெரியும், புதியது வரப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்முனையிலிருந்து போன் எடுத்து, "வட்டைப் பக்கத்து யூபிஎஸ்ஸ ஓஃப் பண்ணுங்க, மத்தது தாங்கும்" என்றார். போனில் நின்றது வரவேற்பில் வேலை செய்யும் தமிழ்ப் பெண். அந்த ஊர்க்காரி, இரண்டு பிள்ளைகளின் தாய், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதப் பயிற்சிக் காலம் இன்னும் முடியவில்லை. அவள் ஒன்றை ஓஃப் பண்ணினாள். அடுத்த நிமிடம் மற்றதும் கத்தி ஓய்ந்தது. சேவர் விழுந்தது. அன்று காலையில் இரத்தம் கொடுத்த ஆட்களின் முடிவுகள் திரும்பி வரப் பின்னேரம் ஆனது. காய்ச்சல்காரப் பிள்ளைகளோடு வந்த தாய்மார் காத்திருந்து காத்திருந்து, சிலர் அழுதுகொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

தம்பி உடனே மோட்டார் சைக்கிளில் அங்கே போய்ப் பார்த்தார். ஓஃப் ஆகியிருந்த யூபிஎஸ்ஸில் கடல் என்று எழுதியிருந்தது.

அடுத்த நாள் நான் மனேஜரின் அறையில் யன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது அவரும் தம்பியும் கதைத்தார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை. என்னைக் கவனிக்காமல் கதைப்பது அங்கே வழக்கம்.

"நான் வட்டை எண்டுதான் சேர் சொன்ன. அவ கடல ஓஃப் பண்ணிரிக்கா. கேட்டா, நான் சொன்னதத்தான் செஞ்ச எண்டு நிக்கிறா."

"லேபல் இருக்குத்தானே?"

"இவ்வளவு பெரிசா இரிக்கி. ராத்தாட எழுத்து. கண்ணாடி போடாமலே வாசிக்கலாம்."

"அப்ப வேறென்ன சாட்சி? மாச முடிவோட அவவ நிப்பாட்டுவம்" என்றார் மனேஜர்.

என் எழுத்தைப் பற்றிச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது. இவ்வளவு தெளிவாக எழுதியும் படிக்காமல் விட்டாளே என்று அந்த முகம் தெரியாத பெண்மேல் கோபம்கூட வந்தது.

அடுத்த கிழமை புதிய பெட்டரி பூட்டினார்கள். மாற்றிய வயர்களுக்கு லேபல் போட என்னை மறுபடியும் அனுப்பினார்கள். இந்தத் தடவை வான் முன்வாசலில் நின்றது. அவள் வரவேற்பு மேசையில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் யார் என்று வான் சாரதி சொன்னதும் எழுந்து வந்தாள்.

"அக்கா, நீங்கதானா அந்த எழுத்தெல்லாம் எழுதினது?"

"ஓம்."

"வடிவான எழுத்து. அதுதான் எனக்கு வில்லங்கமாப் போச்சு" என்று சொல்லிவிட்டு ஒரு பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "சத்தியமா அக்கா, அந்தத் தம்பி வட்டை எண்டார். எந்த வட்டை எண்டு கேட்டன். நாலு பக்கமும் வட்டைதானே எங்களுக்கு. மேற்குப் பக்கம், மேற்குப் பக்கம் எண்டு கத்தினார். நான் மேற்கில கிடந்ததத்தான் ஓஃப் பண்ணினன். லேபல வாசிக்க எங்க நேரம்? ரெண்டும் கத்துது, சனமும் கத்துது."

தேநீரைக் குடித்தேன். வேலை முடிய லுஹர் நேரம் வந்தது. அந்தக் கட்டடத்தில் சுத்தமான இடம் சேவர் அறைதான். ஆனால் தொழ எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. வீட்டில் என்றால் யோசிக்கவே தேவையில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி, வட்டையைப் பார்த்து நின்றால் அதுதான் கிப்லா. வரவேற்புக்குப் போய், அவளிடமே கேட்டேன்.

"தங்கச்சி, மேற்கு எந்தப் பக்கம்?"

"பொழுதுபடுற பக்கமா? இந்தா, ரோட்டுப் பக்கம்" என்று அறை வரைக்கும் வந்து கையை நீட்டிக் காட்டினாள். "அந்தச் சின்ன யன்னலுக்கால காலை வெயில் உள்ளுக்கு வந்து அடிக்கும். அதுக்கு முதுகக் காட்டி நில்லுங்க."

அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நான் சால்வையை விரித்து, யன்னலுக்கு முதுகு காட்டி நின்றேன். தக்பீர் கட்டினேன். சுஜூதில் நெற்றி வைக்கிற இடத்தைப் பார்க்கக் கண்ணைத் தாழ்த்தினேன். எனக்கு நேரே, ஒரு முழத் தூரத்தில், யூபிஎஸ்ஸின் முகத்தில் கடல் என்று எழுதியிருந்தது.

கிப்லாவில் கடல்.

எத்தனை ரக்அத் தொழுதேன் என்று தெரியவில்லை. முதலிலிருந்து மறுபடி தொழுதேன். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகும் எழும்ப மனம் வரவில்லை. எங்கள் ஊரில் யன்னலால் வயல் தெரிந்தால் அது மேற்கு. அதற்கு மேல் கேள்வி இல்லை. வயல் தெரிந்ததும் நான் வட்டை என்று எழுதிவிட்டேன். சவளக்கடையில் கிழக்கிலும் வயல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தம்பியும் எங்கள் கரையில் பிறந்தவர்தான். வட்டை என்றால் மேற்கு என்று அவர் வாய் தானாகவே சொல்லியிருக்கிறது. அவள் மட்டும்தான் சரியாகக் கேட்டு, சரியாகச் செய்திருக்கிறாள்.

என் பைக்குள் நாடா இருந்தது. மார்க்கர் இருந்தது. கத்தரிக்கோல் இருந்தது. கடலை உரித்து அந்தப் பக்கம், வட்டையை உரித்து இந்தப் பக்கம். பத்து நிமிட வேலை. யாருக்கும் தெரியவராது. அவளுக்கு மாத முடிவோடு வேலை போகும், எனக்கு எல்லாம் இருந்த மாதிரியே இருக்கும். பிழை என்னுடையது என்று தெரிந்தால் திறப்பை வாங்கிக்கொள்வார்கள், தும்புத்தடியோடு நின்றுகொள் என்பார்கள் என்று நினைத்தேன். அந்தத் திறப்பு எனக்கு எவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது. தொழுத சால்வையில் இருந்துகொண்டே இதையெல்லாம் யோசித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

லேபலைத் தொடவில்லை. போனில் படம் மட்டும் பிடித்தேன். யன்னலும் வயலும் ஒரு படத்தில், கடல் என்ற எழுத்து இன்னொரு படத்தில். போகும்போது அவளிடம் "ஒண்டும் யோசிக்காதீங்க" என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அதற்குள் நான் வானில் ஏறிவிட்டேன்.

கல்முனைக்கு வந்ததும் வழக்கம் போலக் கடதாசியில் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தேன். எழுத்து மிகவும் அழகாக இருந்தது. இந்த எழுத்துத்தான் அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது, இனி இதை நம்பி விடக்கூடாது என்று தோன்றியது. கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு மனேஜரின் கதவைத் தட்டினேன். தம்பியும் உள்ளேதான் இருந்தார். கையில் தும்புத்தடியோ துணியோ இல்லாமல் நான் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை.

"என்ன ராத்தா?"

"சேர், அந்தப் பிள்ளை பிழை விடல்ல. நான்தான் விட்டன். கடல மாத்தி எழுதிட்டன்."

மனேஜருக்கு விளங்கவில்லை. "எந்தக் கடல?"

வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. யன்னல் என்றேன், வயல் என்றேன், தொழ நின்றேன் என்றேன், படங்களைக் காட்டினேன். தம்பி போனை வாங்கிப் பார்த்தார். நெற்றியில் கை வைத்தார்.

"யா அல்லாஹ். நான் மேற்கெண்டு சொன்னது உண்மைதான் சேர். அவ சொல்லச் சொல்ல நான் கேக்கல்ல."

மனேஜர் போனை வாங்கி இரண்டு படங்களையும் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாம்போதியத் தாண்டினா உங்க ரெண்டு பேருக்கும் கிழக்கு மேற்குத் தெரியா. அவவத்தான் நிப்பாட்டப் பாத்தம்" என்றார். அந்த இடத்திலேயே சவளக்கடைக்குப் போன் எடுத்து, வேலை நிலைக்கும் என்று அவளிடம் சொன்னார்.

நான் திறப்புக் கோர்வையைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"இதென்ன?" என்றார் மனேஜர்.

"சேவர் அறைத் திறப்பு."

"அத எடுங்க. எடுத்துக்கிட்டு நாளைக்குப் போய் அத மாத்திட்டு வாங்க. இந்த முற அந்த ஊர் ஆக்கள்ட்டக் கேட்டு எழுதுங்க."

அடுத்த நாள் அவளும் நானும் றாக்கைக்கு முன்னால் தரையில் இருந்தோம். கடல், வட்டை எல்லாவற்றையும் உரித்துப் போட்டேன். "இங்க என்னெண்டு சொல்லுவீங்க?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"யன்னல் பக்கம் வாய்க்கால் பக்கம். வயலுக்கும் எங்களுக்கும் நடுவில வாய்க்கால் கிடக்கு, பாருங்க. மத்தது ரோட்டுப் பக்கம். இந்த ஊரில பிறந்த ஒருத்தனும் இது ரெண்டையும் மாறமாட்டான்."

எழுந்து யன்னலால் பார்த்தேன். வாய்க்கால் இருந்தது. முதல் நாள் வந்தபோதும் இருந்திருக்கும். வாய்க்கால் என்று எழுதினேன். ரோட்டு என்று எழுதினேன். ஒவ்வொன்றையும் அவள் இரண்டு தலையிலும் வாசித்துப் பார்த்து, "ஓம், சரி" என்று சொன்ன பிறகே ஒட்டினேன். இப்போது எங்கு போனாலும் அதுதான் என் பழக்கம். அந்த அறையில் நாளும் நடமாடுகிற ஒருவர் சத்தமாக வாசிக்காமல் நான் ஒரு பெயரையும் ஒட்டுவதில்லை. தம்பி தன் கொப்பியின் முதல் பக்கத்தில் அதைச் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார். என்னைக் கொண்டே எழுதுவித்தார்.

மாரி மழைக்கு அங்கே மறுபடி கரண்ட் போனது. இந்தத் தடவை மற்ற யூபிஎஸ்ஸில் கோளாறு. தம்பி சாப்பிடப் போயிருந்தார், போன் அவருடைய மேசையில் அடித்தது. நான் போன் எடுப்பதில்லை. அன்று எடுத்தேன். யூபிஎஸ் கத்துகிற சத்தத்துக்கு நடுவில் அவளுடைய குரல் கேட்டது.

"அக்கா நீங்களா? ரோட்டுப் பக்கத்துப் பெட்டியில சிவப்பு எரியுது. அத ஓஃப் பண்ணவா?"

தம்பியின் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். "வாய்க்கால் பக்கம் பச்சையா?"

"பச்சை."

"லேபல வாசிங்க."

"ரோட்டு" என்று வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரிச் சத்தமாக.

"ஓஃப் பண்ணுங்க" என்றேன்.

ஒரு கத்தல் நின்றது. மற்றது கத்திக்கொண்டே இருந்தது. சேவர் விழவில்லை. ஜெனரேட்டர் போடும் வரைக்கும் நான் போனை வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. தம்பி சாப்பிட்டுவிட்டு வந்தபோது நான் அவருடைய கதிரையில் இருந்துகொண்டு, அவளோடு அவளுடைய பிள்ளைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, எழும்ப வேண்டாம் என்று கையால் காட்டினார்.